மரத்துப்போன அரைமணி

நான் கொடுத்தது இரண்டு மொட்டு.
அதற்குக் காசும் வாங்கவில்லை.
இதைவிட அதிகமாக யாராவது சொன்னால்
நம்பாதீர்கள்.

இதழே இல்லாத பூ அது.
சட்டைப் பொத்தான் அளவு மஞ்சள் குமிழ்,
உச்சியில் ஒரு செம்பழுப்புப் புள்ளி,
தூங்காதவன் கண் மாதிரி.
ஜம்பூ என்போம் எங்கள் பெலேமில்.
இறால் மிதக்கும் தக்காக்காவில் இலையைப் போடுவோம்,
பூவைப் பல்லில் வைப்போம்.
முதலில் எறும்பு ஊரும்.
பிறகு வாயெல்லாம் ஊற்று.
அதற்கப்புறம்
உதடு எங்கே முடிகிறது
காற்று எங்கே தொடங்குகிறது
தெரியாது.

அன்று துறைமுக அலுவலகத்துக்குப் போயிருந்தேன்,
கடை உரிமச் சீட்டில் முத்திரை வாங்க.
மழைக்கு முன்னால் வா என்றிருந்தார்கள்.
எங்கள் ஊர்க் கடிகாரத்தில் இரண்டே மணி:
மழைக்கு முன், மழைக்குப் பின்.

பெஞ்சில் பக்கத்தில் ஒஸ்மாரினோ.
படகில் சீட்டுக் கிழித்தவன்.
எந்தப் படகு என்று சொல்ல வேண்டியதில்லை,
அந்த மாதம் ஊரில் ஒரே ஒரு படகுதான்.

கன்னம் பன்போல வீங்கியிருந்தது.
கடைவாய்ப் பல். மூன்று இரவு.
அந்த வீக்கத்துக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தான்
நாற்பத்தாறு, நாற்பத்தாறு,
ஜெபமாலை உருட்டுகிறவள்போல.
படகின் தகட்டில் பொறித்திருந்த எண் அது.
முதலாளி புதுச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தார்.
காலரில் குண்டூசி இன்னும் இருந்தது.

எழுபத்தொன்று என்று குடாவுக்கே தெரியும்.
என் கடைக்கு எதிரே மீன் விற்கிற
இசோல்தினாவுக்குத் தெரியும்:
மகனும் மருமகளும் ஏறியபோது
செதில் ஒட்டிய கையை ஆட்டினவள் அவள்.
ஆனால் நாற்பத்தாறு என்றால்
அவர்கள் ஏறவே இல்லை.
ஏறாதவர்கள் மூழ்க மாட்டார்கள்.
மூழ்காதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது.
மெழுகுவத்தி ஏற்றலாமா என்பதில்கூடப்
பாதிரியாருக்குக் குழப்பம்.

இதையெல்லாம் யோசித்துத்தான் கொடுத்தேன் என்கிறார்கள்.
இல்லை.
பல்வலிக்காரனைப் பார்த்தால்
என் கை தானாகக் கூடைக்குள் போகும்,
பதினெட்டு வருஷப் பழக்கம்.
ஒன்றை மெல்லு, மற்றதை ராத்திரிக்கு வை என்றேன்.
இரண்டையும் ஒரே வாயில் போட்டான்.

கூப்பிட்டார்கள்.

மின்விசிறி கெட்டிருந்ததால் கதவைச் சாத்தவில்லை.
எத்தனை பேர் என்று கேட்டாள் அதிகாரி.
வாயைத் திறந்தான்.
எச்சில் வந்தது.
இன்னொரு தரம் திறந்தான்.
நாக்கு, கரைக்கு இழுத்துப் போட்ட ஓடம்போலக் கிடந்தது.
புதுச் சட்டையில் மஞ்சளாக ஒழுகிற்று.
அவள் சலித்துப்போய்த்
தாளையும் பேனாவையும் தள்ளினாள்:
எழுதிக் காட்டு.

ராத்திரி முழுக்கப் பாடம் படித்தது நாக்கு.
கைக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.
ஒவ்வொரு சீட்டாகக் கிழித்த கை,
அடிக்கட்டையில் எண் போட்ட கை,
ஏழைப் போட்டது முதலில்,
நடுவில் எப்போதும்போல ஒரு கோடு கிழித்து.
பிறகு ஒன்று.

போட்டுவிட்டு அதையே பார்த்தான்,
வேறு யாரோ எழுதினதுபோல.
அடித்துவிட நேரம் இருந்தது.
பேனா அவன் விரலில்தான் இருந்தது.
அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் கதை சொல்லும்போது:
என் பூ கையை மரத்துப்போகச் செய்யாது.

மழை வந்துவிட்டது.
என் முத்திரை அன்றும் கிடைக்கவில்லை.

இப்போது ஆட்கள் வருகிறார்கள்,
நிஜத்தைக் கக்க வைக்கும் பூ இருக்கிறதா என்று.
ஒருத்தி கணவனுக்காக,
ஒருவன் கூட்டாளிக்காக.
பல்வலிக்கு மட்டும்தான் என்கிறேன்.
நம்பாமல் கட்டுக்கட்டாய் வாங்கிப் போகிறார்கள்.
நான் என்ன செய்ய, விற்கிறேன்.

ஒஸ்மாரினோவும் ஒருநாள் வந்தான், பழைய சட்டையில்.
வேலை போய்விட்டது.
பல்லைப் பிடுங்கிவிட்டானாம், வலி இல்லையாம்.
ஆனால் அந்தக் குழிக்கு
நாக்கு போய்ப் போய் வருகிறதாம்.